உங்கள் ரீடர் என் மேஜையில் கிடக்கிறது

மஸ்கட், துபாய், சிங்கப்பூர், ஃபிராங்க்ஃபர்ட், டாலஸ் என்று போய்ப் பிழைக்கிற கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டை, புவனகிரி, லால்பேட்டைப் பிள்ளைகளுக்கு, சிதம்பரத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒருவன் எழுதுவது.

உங்களில் பலர் எனக்கு முகம் தெரியாதவர்கள். உங்கள் அப்பா அம்மாவைத்தான் தெரியும். மேல வீதியிலிருந்து திரும்புகிற சந்தில் இருக்கிற என் கடைக்கு அவர்கள் மஞ்சப்பையில் ஒரு மின்புத்தக ரீடரைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பைக்குள் துண்டு, துண்டுக்குள் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் ரீடர். மேஜைமேல் வைத்துவிட்டு அநேகமாக எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: “பையன் வாங்கிக் குடுத்தது. கெட்டுப்போச்சுன்னு அவன்கிட்ட இன்னும் சொல்லலை.”

சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று ஒரு பயம். உடனே இன்னொன்று வாங்கி அனுப்பிவிடுவீர்கள் என்று இன்னொரு பயம். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் ரீடர் பீரோவுக்குள் போய்விடுகிறது. அங்கேதான் அது நிஜமாகவே சாகிறது. ஆகவே அவர்கள் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியது ஒரே விஷயம்தான்: இனி ரீடர் வாங்கும்போது, அது கெட்டால் எங்கே போகும், யார் பார்ப்பார்கள், உள்ளே இருக்கிற புத்தகங்கள் என்ன ஆகும் என்று பார்த்து வாங்குங்கள். விலையும் திரை அளவும் அப்புறம்.

முதலில் நல்ல செய்தி. என்னிடம் வருகிற ரீடர்களில் பாதிக்குமேல் கெட்டுப்போனவையே இல்லை. சார்ஜ் இறங்கிப்போனவை. புதிதாக வந்தபோது வாரக்கணக்கில் சார்ஜ் நின்றதால் சார்ஜ் போடும் பழக்கமே அப்பாவுக்கு வரவில்லை. ஒருநாள் திரையில் பேட்டரி படமும் ஆச்சரியக்குறியும் வந்தது. ‘போயிடுச்சு’ என்று முடிவுகட்டிவிட்டார். லித்தியம் பேட்டரியை அடியோடு தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் விட்டால், உள்ளே இருக்கிற பாதுகாப்புச் சர்க்யூட் தொடர்பை வெட்டிவிடும். பிறகு பத்து நிமிஷம் கேபிளைச் செருகிப் பார்த்துவிட்டு ஏறவில்லை என்று எடுத்துவிடுகிறார்கள். சாதாரண அடாப்டரில், டிவி பெட்டியின் யுஎஸ்பி ஓட்டையில் இல்லை, ராத்திரி முழுக்கப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். காலையில் பவர் பட்டனை நாற்பது வினாடி விடாமல் அழுத்தட்டும். மரத்தடியில் பையன் உட்கார்ந்து படிக்கிற படத்தோடு நின்றுபோன கிண்டில்கள் பலவும் இதிலேயே எழுந்துவிடும். இதை நீங்கள் போனில் சொல்லிக்கொடுக்கலாம். என்னிடம் வர வேண்டியதில்லை. எனக்கு இதில் நஷ்டம்தான், பரவாயில்லை.

அடுத்தது சார்ஜிங் பின். தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிற பொருளை நான் முகவரி கேட்காமலே கண்டுபிடித்துவிடுவேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பின்னுக்குள் பச்சை பூத்திருக்கும். கடல்காற்று. பழைய மாடல்களில் இருக்கிற மைக்ரோ யுஎஸ்பியின் நடு நாக்கு மெலிதானது. பச்சை பூத்ததைக் கண்டுகொள்ளாமல் கேபிளை அழுத்தி அழுத்திச் செருகினால் நாக்கு மடிந்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் இருந்தால் பாதிப் பின்கள் பிழைக்கும். மீதிக்கு ஹாட் ஏர் வைத்துப் பழைய பின்னைக் கழற்றிப் புதிது வைக்கிறோம். செல்போனுக்குப் போடுகிற அதே வகைப் பின் பல மாடலுக்குப் பொருந்தும். செலவும் செல்போனுக்கு ஆவதுதான்.

பேட்டரியும் மாற்றக்கூடியதுதான், ஆனால் மாடலைப் பொறுத்தது. பழைய கிண்டில் பேப்பர்வொயிட்டுகளில் முன்பக்கச் சட்டத்தைப் பிளாஸ்டிக் பட்டையால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே திருகுகள், அடியில் பேட்டரி. 2018-இல் தண்ணீர் புகாத பேப்பர்வொயிட் வந்ததிலிருந்து கதை மாறிவிட்டது. திரையை உடம்போடு பசைபோட்டு ஒட்டிவிட்டார்கள். சூடுகாட்டி இளக்கிப் பிரிக்கும்போது கை ஒரு இம்மி தவறினால் திரை போய்விடும். இருநூறு ரூபாய்க் கூலிக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பொருளில் கைவைக்க எனக்கே யோசனைதான். முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பிரிக்கிறேன். குளத்தில் விழுந்தாலும் பிழைக்கும் என்று வாங்கினீர்கள். உங்கள் அம்மா குளத்தில் படிக்கிறவர் இல்லை. பேட்டரியோ நாலைந்து வருஷத்தில் எல்லாருக்கும் தளரும்.

ரீடர் மேஜையில் ஆடாமல் படுக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடினால், முதுகு உப்பியிருந்தால், பேட்டரி வீங்கிவிட்டது. அதைச் சார்ஜ் போடக்கூடாது, அழுத்தி மூடக்கூடாது, முக்கியமாக, லீவுக்கு வந்த நீங்கள் ‘அங்கே கொண்டுபோய் மாத்திக்கறேன்’ என்று விமானத்தில் எடுத்துப்போகக்கூடாது. பழுதான லித்தியம் பேட்டரிக்கு விமானத்தில் இடமில்லை.

இனி கெட்ட செய்தி. திரை.

மின்மைத் திரையைத் தொட்டால் காகிதம் மாதிரி இருப்பதால் அது பிளாஸ்டிக் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வகத்தில் பிறந்து, 1997-இல் இ இங்க் என்ற கம்பெனியாகி, 2009-இல் தைவான்காரர்கள் கைக்குப் போன தொழில்நுட்பம் அது. தலைமயிர் அகலமே உள்ள லட்சக்கணக்கான உறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். ஒன்றுக்கு நேர்மின்னூட்டம், இன்னொன்றுக்கு எதிர்மின்னூட்டம். கீழிருந்து மின்அழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது அடியில் போகும். மேலே வந்தது அப்படியே நிற்கும், அதைப் பிடித்து வைக்க மின்சாரம் வேண்டாம். அதனால்தான் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கிறது. ஆனால் அந்த மின்அழுத்தத்தைக் கொடுக்கிற அடித்தளம் பெரும்பாலான ரீடர்களில் மெல்லிய கண்ணாடி. மேலே இருக்கிற படலத்துக்கும் விளக்குத் தகட்டுக்கும் ஒரு கீறல்கூட விழாமல், உள்ளே இருக்கிற கண்ணாடி மட்டும் உடைந்துபோகும்.

ஒரு ரிட்டயர்டு ஆசிரியர் கொண்டுவந்ததைச் சொல்கிறேன். விரலால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. திரையின் மேல்பாதியில் அவர் விட்ட இடத்துப் பக்கம் அப்படியே நின்றிருந்தது, கீழ்ப்பாதியில் மட்டும் எழுத்து மாறியது. இரண்டுக்கும் நடுவில் மின்னல் வெட்டினாற்போல் ஒரு கோணல் கோடு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது ஒரு மூலையிலிருந்து சிலந்திவலை கிளம்பியது தெரிந்தது. “கீழே போடவே இல்லை சார்” என்றார். போட்டிருக்க மாட்டார். மகள் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தபோதே பெட்டிக்குள் சாக்லேட் டப்பாவுக்கும் ஷாம்பு பாட்டிலுக்கும் நடுவில் நசுங்கியிருக்கலாம். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பஸ்ஸில் பைக்குள் இருந்தபோது பக்கத்து ஆள் சாய்ந்திருக்கலாம். ரீடர்கள் விழுந்து உடைவதைவிட அழுந்தி உடைவதே அதிகம். கெட்டியான மூடி போட்ட உறை வாங்கிக்கொடுங்கள். ரீடரோடு சேர்த்து வாங்க வேண்டிய பொருள் அது ஒன்றுதான்.

உடைந்த திரையை மாற்ற முடியாதா என்றால், முடியும். அந்த மாடலுக்குரிய திரை தனியாகக் கிடைத்தால், அதன் விலை புது ரீடர் விலையில் பாதிக்குமேல் போகும். வரவழைத்தால் அது வழியில் உடையாமல் வர வேண்டும். நான் செய்வதில்லை. வாரண்டி இருந்தால் அங்கே போகச் சொல்வேன்.

வாரண்டி என்றதும் வருகிறது, உங்களுக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற கடல். அந்த ஆசிரியரின் ரீடருக்கு வாரண்டி பாக்கி இருந்தது. மகள் அங்கிருந்து கம்பெனிக்குப் பேசினார். கோடு விழுந்த படத்தை அனுப்பினார். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள்: மாற்றித் தருகிறோம், ஆனால் வாங்கிய நாட்டு முகவரிக்குத்தான் அனுப்புவோம், பழையதும் அங்கிருந்தே திரும்பி வர வேண்டும். பழையது கிடப்பதோ சிதம்பரத்தில். கூரியர்க்காரர் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றதும் படிவம், பேக்கிங் விதி, கட்டணம் என்று அடுக்கினார். அடுத்த லீவுக்கு மகள் வரும்போது எடுத்துப்போகலாம் என்று வைத்தார்கள். அதற்குள் வாரண்டி முடிந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பொருள்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷ வாரண்டிதான். பெரும்பாலான கம்பெனிகள் ரிப்பேர் செய்து தருவதும் இல்லை, மாற்றிக் கொடுத்துவிடுகின்றன. புதுப்பித்த பழைய பொருள் மாற்றாக வருவதும் உண்டு. ‘சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கு’ என்று கேட்டால் கைகாட்டக் கட்டடம் ஒன்றும் இல்லை. கடலூரில் வாங்கிய மிக்சி கெட்டால் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடிப்படி ஏறினால் போதும். இதற்கு ஏற மாடிப்படி இல்லை, இருப்பது சாட்டில் பேசுகிற ஒரு ஆளும் ஒரு நாட்டுக் கடையும்தான். அந்தக் கடை எந்த நாட்டுடையதோ அந்த நாட்டில்தான் உங்கள் ரீடருக்கு உரிமை.

இதுவே எதிர்த்திசையிலும் நடக்கிறது. ஊரில் வாங்கிய ரீடரோடு வளைகுடாவுக்குப் போனவர்கள் உண்டு. அங்கே கெட்டால், இங்கே இருக்கிற அண்ணனோ மச்சானோதான் மாற்றி வாங்க வேண்டும். ஒருவர் லீவில் வருகிற கூட்டாளியிடம் கொடுத்தனுப்பி, பரங்கிப்பேட்டை முகவரிக்கு மாற்று வாங்கி, வேறொரு கூட்டாளி திரும்பிப் போகும்போது கொடுத்தனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஆன நாளில் அவர் அங்கே ஒரு புதிதை வாங்கிப் பாதி வருஷம் படித்திருக்கலாம். ஆனால் ஜெயித்தார். வாரண்டி தேதிக்குள் புகாரைப் பதிந்து, அந்தப் பதிவு எண்ணைக் கையில் வைத்திருந்ததால் ஜெயித்தார். பழுது தெரிந்த அன்றைக்கே எழுத்தில் புகார் பதியுங்கள். பொருளை அனுப்புவது பிறகு.

‘இந்த வம்பெல்லாம் எதற்கு, புதிது ஒன்று வாங்கி பார்சலில் போட்டுவிடுகிறேன்’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 டிசம்பரிலிருந்து, அன்பளிப்பு என்று எழுதி வெளிநாட்டிலிருந்து அஞ்சலிலும் கூரியரிலும் பொருள் இறக்குவதற்கு இந்தியாவில் தடை இருக்கிறது. விலக்கு இரண்டுக்குத்தான்: உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. தங்கச்சி ராக்கி அனுப்பலாம், தம்பி ரீடரை அன்பளிப்பு என்று அனுப்ப முடியாது. சுங்கவரி கட்டி எடுக்கலாம். கட்டியபின் அது மலிவான பொருளாக இருக்காது. நீங்கள் வரும்போது கைப்பையில் கொண்டுவருவதே வழி. பெரிய பெட்டியில் போடாதீர்கள். பேட்டரிக்காகவும்தான், கண்ணாடிக்காகவும்தான்.

என்னைக் கேட்டால், ஊரில் இருக்கிறவர்கள் படிக்கிற ரீடரை ஊரிலேயே வாங்க வேண்டும். கொஞ்சகாலம் அது முடியாமல் இருந்தது உண்மைதான். 2012-இல் கிண்டில் இந்தியக் கடைகளுக்கு வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே அகமதாபாத்தின் இன்ஃபிபீம் ‘பை’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கோபோ ரீடர்களும் 2013-இல் வந்து பார்த்தன. மற்றவை தங்கவில்லை, கிண்டிலும் நடுவில் நீண்டநாள் கையிருப்பு இல்லாமலே கிடந்து, 2025 ஏப்ரலில்தான் புதிய பேப்பர்வொயிட் 16,999 ரூபாய்க்கு வந்தது. அங்கே தள்ளுபடியில் இதைவிட மலிவாகக் கிடைக்கும் என்று நீங்கள் கணக்குக் காட்டுவீர்கள். அந்த வித்தியாசத்தை இந்திய வாரண்டிக்குக் கொடுத்த விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் வாங்கினால் இன்னொரு பலம் உண்டு, பலருக்கும் தெரியாதது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், காசு கொடுத்து வாங்கியவர் மட்டும் நுகர்வோர் இல்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். அதாவது, டாலஸில் இருக்கிற நீங்கள் இந்தியத் தளத்தில் பணம் கட்டிச் சிதம்பரத்தில் இருக்கிற அப்பாவுக்கு அனுப்பிவைத்தால், புகார் கொடுக்கிற உரிமை அப்பாவுக்கு உண்டு. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், அவர் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே, நம் விஷயத்தில் கடலூரிலேயே, வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அந்த அளவுக்குப் போவதற்கு முன், 1915 என்ற எண்ணுக்கு ஒரு போன் போட்டாலே பல கம்பெனிகள் அசைந்துகொடுக்கும். டாலஸ் ரசீதை வைத்துக்கொண்டு கடலூரில் இதையெல்லாம் செய்வது நடக்கிற காரியமில்லை.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். இது ரிப்பேர் இல்லை, ஆனால் ரிப்பேரைவிட என் நேரத்தைத் தின்பது இதுதான். நீங்கள் ரீடரை உங்கள் வெளிநாட்டுக் கணக்கில் பதிந்து அப்படியே அப்பாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். வைஃபை பாஸ்வேர்டு மாறியது, ரீடரை ரீசெட் பண்ண வேண்டியதாயிற்று என்றால், மறுபடி உள்ளே போக ஓடிபி உங்கள் போனுக்கு வருகிறது. இங்கே காலை பதினொரு மணி, அங்கே நீங்கள் நல்ல தூக்கத்தில். கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே உங்கள் அப்பா சொல்வார்: “பாவம், தூங்கட்டும். நான் நாளைக்கு வரேன்.” மறுநாள் நீங்கள் விழித்திருக்கிற நேரம் எனக்குக் கடை மூடுகிற நேரம். உள்ளே போனபின்னும் அது அந்நாட்டுக் கடை: தமிழ்ப் புத்தகங்களுக்கு டாலர் விலை, இந்திய மாதச் சந்தா அதில் செல்லாது. அப்பா பெயரில், அப்பா போன் எண்ணில், இந்தியக் கணக்கு ஒன்று ஆரம்பித்துக் கொடுங்கள். ஓடிபியைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தெரியும். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிப் பழகியவர்.

அந்தக் கணக்கில் வாங்கும் புத்தகங்கள் யாருடையவை என்பதையும் யோசிக்க வேண்டும். பணம் கொடுத்தது நீங்கள், கிடைத்தது படிக்கிற அனுமதி. 2009-இல் அமேசான், விற்ற கம்பெனிக்கு உரிமையில்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது, பணத்தையும் திருப்பிக்கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் புத்தகக் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்களும் சேர்ந்து போயின. சீனாவில் கிண்டில் கடை 2023 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடியது. வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கிக் கேபிள் வழியாக ஏற்றுகிற வசதியையும் 2025 பிப்ரவரி 26-ஆம் தேதி எடுத்துவிட்டார்கள். ரீடர் செத்தால் அடுத்த ரீடரும் அதே கம்பெனியுடையதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பூட்டு கிடையாது.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இந்தப் பூட்டிலிருந்து கொஞ்சம் விடுதலை உண்டு. அதற்குக் காரணமே உங்களைப்போல வெளிநாட்டில் இருந்தவர்கள்தான். 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களை இலவச மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் தொடங்கியபோது அதை நடத்தியவர்கள் சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும். தட்டச்சு செய்தவர்கள், பிழை திருத்தியவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். சங்க இலக்கியத்திலிருந்து திருமந்திரம் வரை இன்று எந்த ரீடரிலும் பூட்டில்லாமல் ஏறுகிறது. பின்னால் ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் என்ற தளம் வந்தது. அவர்கள் இபப், மோபி கோப்புகளோடு ‘ஆறு அங்குல பிடிஎஃப்’ என்று ஒன்றும் போட்டார்கள். அது எதற்கென்று இப்போது வாங்குகிறவர்களுக்குப் புரியாது. அன்றைய ரீடர்களில் தமிழ் ஒழுங்காக வராது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் அடுத்த வரியில். அதனால் எழுத்து வடிவத்தைப் பிடிஎஃப்புக்குள்ளேயே பதித்து, ரீடரின் திரை அளவுக்கே பக்கம் வெட்டிக் கொடுத்தார்கள். கிண்டிலில் தமிழ் முறையாக வந்தது 2016 டிசம்பரில்தான். என்னிடம் வருகிற பழைய ரீடர்களில் இன்னும் அந்த ஆறு அங்குலக் கோப்புகள் ஓடுகின்றன. தூக்கிப்போட வேண்டிய ரீடர் என்று கொண்டுவந்த ஒருவருக்கு அவற்றை ஏற்றிக் கொடுத்தேன்.

கடலூர்க்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த புதுமைப்பித்தனின் கதைகள் 2002-இல் நாட்டுடைமை ஆயின. இலவசமாகவே கிடைக்கும். மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், வாங்குங்கள். ஆனால் எங்கெல்லாம் பூட்டில்லாத இபப் கோப்பாக விற்கிறார்களோ, எங்கெல்லாம் நாட்டுடைமைப் பிரதி இருக்கிறதோ, அவற்றையெல்லாம் ஒரு பென்டிரைவில் தனியாக வைத்துக்கொடுங்கள். 2015 மழையில் கடலூரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து அலமாரியோடு புத்தகம் போனவர்கள் என் வாடிக்கையாளர்களில் இருக்கிறார்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் மறுபடி வெள்ளம் வந்தது. அவர்களில் சிலருக்கு ரீடர் வாங்கிக் கொடுத்ததே அதனால்தான். காகிதத்தைத் தண்ணீர் கொண்டுபோயிற்று, ரீடரைப் பேட்டரி கொண்டுபோகும். பென்டிரைவ் அடுத்த தெருவில் இருக்கிற தங்கச்சி வீட்டில் இருக்கட்டும்.

என் தொழில் சம்பந்தமாகவும் உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நீங்கள் இருக்கிற சில நாடுகளில் காற்று மாறி வீசுகிறது. கோபோ 2024-இல் கொண்டுவந்த மூன்று ரீடர்களுக்கு, ஐஃபிக்ஸிட் என்ற ரிப்பேர் வழிகாட்டித் தளத்தோடு சேர்ந்து, உதிரிபாகமும் பிரிக்கும் வழிமுறையும் தர ஏற்பாடு செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18-ஆம் தேதியிலிருந்து, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டம். இங்கே 2022 டிசம்பர் 24-ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று ஒரு இணையதளம் திறந்தது. செல்போன், டிவி, டிராக்டர் கம்பெனிகள் எல்லாம் அதில் விவரம் தருவதற்காக. நல்ல ஆரம்பம். சிதம்பரத்துச் சந்து வரைக்கும் உதிரிபாகம் வந்தால் அது முடிவு. எனக்கு இன்றைக்கும் செல்போன் டிஸ்ப்ளே சென்னை ரிச்சி தெருவிலிருந்து மறுநாளே வந்துவிடும், ரீடர் பேட்டரிக்கு இணையத்தில் தேடி, வருகிறது அசலா போலியா என்று மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் போட வேண்டியிருக்கிறது.

அதனால், திரை உடைந்த ரீடரை அங்கே குப்பையில் போடாதீர்கள். உங்கள் ஜெர்மன் நண்பருடையது, ஆபீஸ் தோழியுடையது என்று எதுவானாலும், பேட்டரி வீங்காமல் இருந்தால், அடுத்த லீவுக்கு வரும்போது கைப்பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். திரை போன ஒன்றும் போர்டு போன ஒன்றும் ஒரே மாடலாக அமைந்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றை எழுப்பிவிடலாம். சிதம்பரத்தில் ஒரு வாத்தியாரோ, சி.முட்லூரில் கல்லூரி போகிற பிள்ளையோ அதில் படிப்பார்கள். கொண்டுவருமுன் உங்கள் கணக்கில் உள்ளே போய் அந்த ரீடரைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். பதிவு எண் போர்டில் இருக்கிறது. நீக்காவிட்டால், போர்டை எதில் வைத்தாலும் அது உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு திறக்கும், நீங்கள் வாங்கிய புத்தகமெல்லாம் அந்த வாத்தியாருக்குத் தெரியும். காணாமல்போனது என்று கம்பெனியிடம் சொல்லி மாற்று வாங்கிய ரீடரைக் கொண்டுவராதீர்கள். முடக்கிவிட்ட எண்ணில் புதுக் கணக்கு ஏறாது.

உங்கள் வீட்டு ரீடரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அம்மாவிடம் ‘நல்லா ஓடுதா’ என்று கேட்காதீர்கள், ‘ஓடுது’ என்றுதான் சொல்வார். ‘இப்போ என்ன புஸ்தகம் படிக்கிறீங்க’ என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் என்னிடம் அனுப்பிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் மதியம் வரை கடை உண்டு. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேர் ஓடுகிற அன்று மட்டும் கிடையாது. வீதிக்குள் வரமுடியாது, நானும் வடம் பிடிக்கப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
சிதம்பரத்திலிருந்து ஒரு சர்வீஸ் கடைக்காரன்